கவரைப் பிரிக்காத வம்சம்

1889ஆம் ஆண்டு ஜப்பானின் கியோட்டோ நகரத்தில் ஃபுசாஜிரோ யமவுச்சி என்பவர் பூப்படம் போட்ட சீட்டுக்கட்டு செய்து விற்க ஒரு கடை திறந்தார். அதே ஆண்டில் புதுக்கோட்டை ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானுக்கு மீசைகூட அரும்பியிருக்கவில்லை. 1886இல், சின்ன வயதிலேயே பட்டத்துக்கு வந்த பையன் அவர். ராஜ்யத்தை ரீஜண்டாக இருந்து சேஷையா சாஸ்திரி கவனித்துக்கொண்டிருந்தார். இந்த இரண்டு சம்பவங்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சரித்திரம் எழுதுகிறவர் ‘அதே ஆண்டில்’ என்று ஆரம்பித்தால் வாசகர்கள் கொஞ்சம் மரியாதையோடு நிமிர்ந்து உட்காருவார்கள், அவ்வளவுதான்.

ராஜா வளர்ந்தார். 1915இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மாலி ஃபிங்க்கைக் கல்யாணம் செய்துகொண்டார். வெள்ளைக்காரத் துரைமார்கள் முகத்தைச் சுளித்தார்கள். கடைசியில் 1928இல் பாரிஸில் காலமானார். சமஸ்தானமும் 1948இல் இந்தியாவோடு இணைந்து கணக்கை முடித்துக்கொண்டது. சீட்டுக்கட்டுக் கடை மட்டும் நிலைத்துவிட்டது. அதன் பெயர் நிண்டெண்டோ.

கையில் வைத்து விளையாடும் வீடியோ கேம் மெஷின்களின் சரித்திரத்தை இதுவரை கம்பெனிக்காரர்கள் சொல்லித்தான் கேட்டிருக்கிறோம். அதில் எல்லோரும் மேதைகள், எல்லாமே புரட்சி. புதுக்கோட்டை கீழ ராஜவீதியில் ஒரு செல்போன் சர்வீஸ் கடை ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தால் அதே சரித்திரம் வேறு மாதிரித் தெரியும். மூடி தொலைந்தது, பட்டன் உள்ளே போய்விட்டது, ஸ்கிரீனில் கீறல். நான் சொல்லப்போவது இந்த இரண்டாவது சரித்திரம். முதலாவதைச் சொல்ல அவர்களிடம் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது.

ஆதியில் குன்பெய் யோகோய் இருந்தார். 1965இல் நிண்டெண்டோவில் சேர்ந்தபோது, சீட்டு தயாரிக்கும் மெஷின்களைப் பராமரிப்பதுதான் அவருக்கு வேலை. ஒருநாள் புல்லட் ரயிலில் போகும்போது, பொழுது போகாத ஒரு ஆபீஸ்காரர் கால்குலேட்டர் பட்டன்களைச் சும்மா தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தாராம், உடனே ஞானம் பிறந்ததாம். தலபுராணம் அப்படித்தான் சொல்கிறது. அவர் திருச்சி–காரைக்குடி பாசஞ்சரில் ஏறியிருந்தால் பக்கத்து சீட்டுக்காரர் தூங்கி இவர் தோளில் சாய்ந்திருப்பார், உலகத்துக்கு ஒரு தலையணை மட்டும் கிடைத்திருக்கும்.

ஞானம் பிறந்தால் போதுமா, முதலாளி காதில் விழ வேண்டுமே. அதற்கும் புராணத்தில் வழி இருக்கிறது. முதலாளி ஹிரோஷி யமவுச்சியின் டிரைவருக்கு ஒருநாள் உடம்பு சரியில்லை. காருக்கு இடதுபக்க ஸ்டீயரிங். அதை ஓட்டத் தெரிந்தவர் என்று யோகோயைக் கூப்பிட்டார்கள். வழி நெடுக வாயை மூடிக்கொண்டு வர முடியாமல் யோகோய் தன் யோசனையைச் சொல்லிவைத்தார். முதலாளி கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. போன இடத்தில் ஷார்ப் கம்பெனித் தலைவர் பக்கத்தில் உட்கார்ந்து இதையே பேசி முடித்துவிட்டார். முதலாளிகள் எந்த நாட்டிலும் முதலாளிகளே.

1980இல் ‘கேம் அண்ட் வாட்ச்’ வந்தது. ஒரே ஒரு விளையாட்டு, கூடவே ஒரு கடிகாரம். கடிகாரத்தை எதற்கு வைத்தார்கள் என்று ஆராய்ச்சியெல்லாம் தேவையில்லை. வீட்டில் பெரியவர்கள் பார்த்துவிட்டால் “மணி பார்த்தேன்” என்று சொல்லத்தான். விலை மலிந்த பழைய சரக்கை எடுத்துப் புது வேலை வாங்க வேண்டும் என்பது யோகோயின் சித்தாந்தம். மேல்நாட்டில் இதைப் பற்றிப் புத்தகமே போட்டிருக்கிறார்கள். நம்மிடம் ‘இருக்கிறத வச்சு ஓட்டு’ என்று மூன்று வார்த்தையில் முடிந்துவிடும்.

அடுத்து 1989இல் கேம்பாய். அதன் ஸ்கிரீன் பிறப்பதற்கு முன்பே ஒரு கண்டத்தில் தப்பியது. மாதிரியைக் கையில் வாங்கிப் பார்த்த யமவுச்சி, இதில் ஒன்றுமே தெரியவில்லையே என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நேராகப் பிடித்தால் தெரியும், கொஞ்சம் சாய்த்தால் மறையும். ஷார்ப் வேறு ரக ஸ்கிரீன் கொடுத்து மானத்தைக் காப்பாற்றியது. அப்படியும் கலர் கிடையாது, உள்ளே விளக்கு கிடையாது. பாசிப்பச்சைப் பின்னணியில் கொஞ்சம் கரும்பச்சை, அவ்வளவுதான். அட்டாரியின் லிங்க்ஸும் செகாவின் கேம் கியரும் விளக்கு போட்ட கலர் ஸ்கிரீனோடு வந்து இறங்கின. ஆறு செல் போட வேண்டும், கேம் கியர் அதை மூன்றிலிருந்து ஐந்து மணி நேரத்தில் குடித்துவிடும். இரண்டு அழகிகளும் மார்க்கெட்டை விட்டுப் போய்ச் சேர்ந்தார்கள். பாசிப்பச்சைக்காரனும் அவன் கலர் தம்பியுமாகச் சேர்ந்து 11 கோடியே 80 லட்சத்துக்கு மேல் விற்றுத் தீர்ந்தார்கள். வளைகுடாப் போரில் குண்டு விழுந்து வெந்துபோன ஒரு கேம்பாய், மேலோடு உருகியும் வேலை செய்து, நியூயார்க் நிண்டெண்டோ கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் தெய்வமாக உட்கார்ந்திருந்தது.

புதுக்கோட்டைக்குக் கேம்பாய் வரவில்லை. வந்தது அதன் சீனத்து ஒன்றுவிட்ட தம்பி.

தொண்ணூறுகளில் திருவப்பூர் மாரியம்மன் மாசித் திருவிழாவிலோ, நார்த்தாமலை பங்குனித் தேரிலோ பலூன் துப்பாக்கிக்கும் பிளாஸ்டிக் கூலிங்கிளாஸுக்கும் நடுவில் அது தொங்கிக்கொண்டிருக்கும். பெயர் பிரிக் கேம். நெற்றியில் ‘9999 இன் 1’ என்று எழுதியிருக்கும். மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்குவது, பாம்பு, கார் ரேஸ், சுடுவது என்று விரல் விட்டு எண்ணினால் ஒரு டஜன் பக்கம் தேறும். மிச்ச ஒன்பதாயிரத்துச் சொச்சமும் வேகத்தையும் லெவலையும் மாற்றி மாற்றிப் பெருக்கிக் காட்டிய கணக்கு. தேர்தல் அறிக்கைகளிலும் இந்த முறை நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது.

அதன் வடிவமைப்பை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். பின்பக்கம் பேட்டரி மூடி. அதன் ஓரத்தில் அரிசி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாக்கு. மொத்த மெஷினும் அந்த நாக்கை நம்பித்தான் பிழைப்பு நடத்தியது. தேர் நிலைக்கு வருவதற்குள் நாக்கு முறிந்துவிடும். அதற்குப் பிறகு ஆயுள் முழுக்க ரப்பர் பேண்டுதான். ஸ்கிரீனில் திடீரென்று இரண்டு வரிசை காணாமல் போகும். கண்ணாடிக்கும் உள்ளே இருக்கும் பச்சை போர்டுக்கும் நடுவில் மின்சாரம் கடத்தும் ஒரு ரப்பர் பட்டை இருக்கிறது, அது நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் யார் பட்டையைக் கண்டார்கள்? கட்டை விரலால் ஓரத்தில் ஒரு அழுத்து அழுத்தினால் வரிசை திரும்ப வந்துவிடும். எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்பது தெருவில் ஒரு பையனுக்குத்தான் தெரியும். அவனுக்கு அதனாலேயே ஓசி ஆட்டம் கிடைக்கும். பட்டன் வேலை செய்யாவிட்டால், கழற்றி அடியில் இருக்கும் கறுப்பு ரப்பர் முனையில் பென்சிலால் தேய்த்துவிடுவார்கள். பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்தும். விஞ்ஞானப் பாடத்தில் இதற்கு மார்க் விழாது, கட்டை அடுக்குவதில் விழும். செல் தீர்ந்தால் கடைக்கு ஓட மாட்டோம். மொட்டை மாடியில் வெயிலில் காயவைப்போம். பல்லால் கடிப்பதும் உண்டு. வற்றலுக்கும் வடாமுக்கும் பக்கத்தில் நாலு செல் காய்ந்துகொண்டிருந்த மாடிகளைப் புதுக்கோட்டையில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஸ்கிரீனுக்கு வருவோம். அதன்மேல் மெல்லிசாக ஒரு பிளாஸ்டிக் பேப்பர் ஒட்டியிருக்கும். பாக்டரியிலிருந்து கடைக்கு வரும் வரைக்குமான பாதுகாப்பு அது. வாங்கியதும் உரித்துப் போட வேண்டும் என்பது சீனாக்காரனின் எண்ணம். அவன் நம் தாய்மார்களைச் சந்தித்ததில்லை.

“அந்தக் கவரை உரிச்சே, ஒன் தோலை உரிச்சுப்புடுவேன்.”

தீர்ந்தது பேச்சு. டிவி ரிமோட் பாலிதீன் உறைக்குள் இருக்கும் வீடு அது. பிரிட்ஜ் வாங்கியபோது கதவில் இருந்த ஸ்டிக்கர், அதே பிரிட்ஜைப் பழைய சாமான்காரனுக்குப் போடும்போதும் இருக்கும். அந்த வீட்டில் பிரிக் கேமுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை? நாளடைவில் பேப்பரின் மூலை சுருளும். அதற்குள் தூசி புகும், காற்றுக் குமிழ் ஏறும். கட்டைகள் குமிழிக்குள் நுழைந்து மங்கலாகி மறுபக்கம் தெளிவாக வெளியே வரும். அதையும் ஒரு லெவல் என்று எடுத்துக்கொண்டு விளையாடினோம். ஆனால் ஒன்று, அதன் அடியில் ஸ்கிரீன் புத்தம் புதுசாக இருந்தது. யாரும் பார்க்காத புதுசு.

இவ்வளவு ஜாக்கிரதையான மாவட்டமா இது என்று சித்தன்னவாசலுக்குப் போனால் குழப்பம் வரும். மாவட்டத்தின் முதல் கலர் ஸ்கிரீன் அங்கேதான் இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் அந்தச் சமணக் குடைவரையைப் புதுப்பித்தார் என்று கல்வெட்டு சொல்கிறது. கூரையில் தாமரைக் குளம். அதில் மீன், அன்னம், எருமை, யானை, பூப்பறிக்கும் ஆட்கள். செல் போடாமல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. குறை ஒன்றே ஒன்றுதான், ஆட்கள் கை நீட்டினால் எட்டும் உயரத்தில் சுவரும் தூணும் இருந்தன. அங்கே இருந்த ஓவியங்களில் பெரும்பகுதி போய்விட்டது. வெயிலும் மழையும் பாதி, ஆணியோடு வந்த காதலர்கள் பாதி. கைக்கு எட்டாத கூரைதான் பிழைத்தது. மலைக்கு மேலே ஏழடிப்பட்டத்தில் துறவிகள் படுத்த, பளபளவென்று தேய்த்த கல் படுக்கைகள் இருக்கின்றன. அங்கேயும் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. உலகத்தையே துறந்தவர்களின் பெயரையும் யாரோ கீறி வைக்காமல் விடவில்லை.

ஆக, வீட்டுக்கு வாங்கிய பொருள் என்றால் கவரைக்கூடப் பிரிக்க மாட்டோம். ஊர்ப்பொருள் என்றால் ஆணியோடு போவோம். இதை நான் விளக்கப்போவதில்லை. சமூகவியல்காரர்கள் பிழைக்க வேண்டாமா.

நோக்கியாவுக்கு ஒருநாள் ஆசை வந்தது. போனையும் கேமையும் ஒன்றாக்கி 2003 அக்டோபரில் என்-கேஜ் என்று ஒன்றை இறக்கினார்கள். அதில் வேறு விளையாட்டு போட வேண்டுமானால் பின்மூடியைக் கழற்றி, பேட்டரியைப் பிடுங்கி, அதன் அடியில் இருக்கும் கார்டை மாற்றி, பேட்டரியைப் போட்டு, மூடியை மூடி, போனை மறுபடி ஆன் செய்ய வேண்டும். ஆட்டத்தின் முதல் லெவலே அதுதான். பேசுவதாக இருந்தால் போனின் முகத்தைக் காதில் வைக்கக் கூடாது, விளிம்பைத்தான் காதில் ஒட்டி வைக்க வேண்டும். அது பார்ப்பதற்கு இன்னொரு காது முளைத்தது மாதிரி இருக்கும். உலகமே சிரித்தது. அடுத்த வருஷமே வேறு மாடல் போட்டு இரண்டையும் சரிசெய்தார்கள். சிரிப்பு மட்டும் நிற்கவில்லை.

இப்போது சோனியின் படையெடுப்பு. இந்தச் சரித்திரத்தில் மெதுவாக நடக்க வேண்டிய இடம் இது.

2004 டிசம்பர் 12ஆம் தேதி ஜப்பானில் பிஎஸ்பி வெளியானது. கறுப்பு, பளபளப்பு, 4.3 அங்குல அகல ஸ்கிரீன். அதுவரை கைக்கருவிகளில் அப்படி ஒரு ஸ்கிரீனைப் பார்த்தவர்கள் கிடையாது. நம் மாவட்டத்துக்கு அது வந்த பாதை வேறு. அறந்தாங்கி, ஆலங்குடி, ஆவுடையார்கோயில் பக்கம் எந்தத் தெருவில் கல்லை விட்டாலும் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடாவிலோ ஆள் இருக்கிற வீட்டில்தான் விழும். திருச்சி ஏர்போர்ட்டில் இறங்கி, கயிறு கட்டிய அட்டைப்பெட்டியோடு வரும் மாமாவின் சாமான்களில் கோடாலித் தைலமும் போர்வையும் சாக்லெட்டும் மேலே இருக்கும், எல்லாவற்றுக்கும் அடியில், துண்டில் சுற்றி, அது இருக்கும். பெட்டி பிரிக்கிற அன்று சொந்தக்காரர்கள் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். “இது என்னத்தா, டிவியா?” என்று அப்பத்தா கேட்கும். “கைல வச்சுப் பாக்குற டிவி” என்று மாமா சொல்வார். எவ்வளவு ஆச்சு என்று யாராவது கேட்டதும் பேச்சு மாறிவிடும். மறுநாளிலிருந்து அந்த மெஷின் பீரோவுக்குள் பட்டுப்புடவைக்கு நடுவில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் தரிசனம்.

ஜப்பானில் முதல் கூட்டம் வாங்கிய மெஷின்களில் வேறு ரகளை. வலது பக்கம் நாலு பட்டன், அதில் சதுரப் பட்டன் மட்டும் சரியாக அழுந்தவில்லை. காரணம் எளிது. ஸ்கிரீனை எவ்வளவு அகலமாக முடியுமோ அவ்வளவு அகலமாக வைத்துவிட்டார்கள். பட்டனுக்குக் கீழே இருக்க வேண்டிய உணர்விக்கு இடம் போதவில்லை. அதைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்கள். நீங்கள் நடுவில் அழுத்துவீர்கள், அது ஓரத்தில் காத்திருக்கும். அரசு அலுவலகத்தில் நாம் ஒரு ஜன்னலில் நிற்க, கையெழுத்துப் போடுகிறவர் வேறு ஜன்னலில் இருப்பார், அதே ஏற்பாடு.

ஜனங்கள் புகார் சொன்னார்கள். பிளேஸ்டேஷனின் தந்தை என்று பட்டம் வாங்கிய கென் குட்டராகி பத்திரிகைப் பேட்டியில் பதில் சொன்னார். உலகத்திலேயே அழகான பொருளை நாங்கள் செய்திருக்கிறோம். பெரிய கட்டடக் கலைஞர் வரைந்த வரைபடத்தைப் பார்த்து வாசல் இடம் தவறு என்று யாராவது குறை சொல்வார்களா? இதுவும் அப்படித்தான். இந்த ரீதியில் போனது பதில்.

யாராவது சொல்வார்களா? அவரைப் புதுக்கோட்டைக்கு ஒரு வாரம் அழைத்து வந்திருக்க வேண்டும். கான்கிரீட் போட்டு, டைல்ஸ் ஒட்டி, கிரகப்பிரவேசப் பத்திரிகையும் அடித்து முடித்த வீட்டில், ஒருவர் திசைகாட்டியோடு வந்து நின்று, “வாசல் எடம் தப்புங்க, ரெண்டடி தள்ளணும்” என்பார். மறுநாள் காலையில் கொத்தனார் கடப்பாரையோடு நிற்பார். வரைந்தது எந்தப் பெரிய இன்ஜினியராக இருந்தாலும் சரி. இந்த ஊரில் வாசலைப் பற்றிக் கருத்து இல்லாத மனிதரே கிடையாது.

அடுத்த லீலை டிஸ்க். பிஎஸ்பிக்கு விளையாட்டுகள் 60 மில்லிமீட்டர் குட்டி டிஸ்க்கில் வந்தன, யுஎம்டி என்று பெயர். மெஷினை இரண்டு கையாலும் பிடித்து லேசாக முறுக்கினால் பின்கதவு திறந்து டிஸ்க் பறந்து வெளியே வரும். கார் ரேஸ் விளையாடுகிறவன் வளைவில் உடம்பையே முறுக்குவான் என்பது உலகறிந்த விஷயம், மெஷினை முறுக்க மாட்டானா? வில்லனைச் சுடப் போகிற நேரத்தில் சக்கராயுதம் மாதிரி டிஸ்க் கிளம்பிச் சுவரில் அடித்த காட்சிகளை ஆட்கள் படம் பிடித்து உலகம் பூராவும் காட்டினார்கள்.

அப்புறம் ஸ்கிரீனில் சாகாவரம் பெற்ற புள்ளிகள். எப்போதும் எரிந்துகொண்டோ எப்போதும் அணைந்தோ இருக்கும். அது எல்சிடியின் இயல்பு, பழுது ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். கிட்டத்தட்ட இதே வசனத்தை 2017இல் நிண்டெண்டோவும் சொன்னது. ஜாதகத்தில் தோஷம் இருக்கிறதே என்று கேட்டால், தோஷம் இல்லீங்க, அது ஒரு அம்சம் என்று சொல்லும் ஜோசியரைக் கம்பெனிகள் வேலைக்கு வைத்திருக்கின்றன என்று நினைக்கிறேன்.

பிஎஸ்பி வந்த அதே 2004இல் நிண்டெண்டோ டிஎஸ் என்று மடக்கும் மெஷின் ஒன்றைப் போட்டது. அதில் கீழ் ஸ்கிரீனைக் குச்சியால் கீறித்தான் விளையாட வேண்டும். கீறலுக்குப் பயந்த கம்பெனிகள் மத்தியில், கீறுவதற்குக் குச்சியையும் கொடுத்து அனுப்பிய பெருந்தன்மைக்காரர்கள். இரண்டு வருஷம் கழித்து வந்த டிஎஸ் லைட்டில் கீல் இருக்கும் இடத்தில் விரிசல் விட்டது, அது தனி வழக்கு.

கீறல் எப்படி விழுகிறது? பாக்கெட்டில் கிடந்த காசு என்பார்கள். காசு பாவம். புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நவராத்திரிக்கு அரிசியோடு சேர்த்துக் கொடுத்த அம்மன் காசு செம்பு. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் செம்பு 3 பக்கம்தான் வரும். கண்ணாடி 5.5. அதனால் அம்மன் காசை வைத்துக் கண்ணாடியைத் தேய்த்தால் அம்மன்தான் தேய்வாள். பழைய கைக்கருவிகளின் ஸ்கிரீன்மேல் இருந்தது பிளாஸ்டிக், அது இன்னும் மிருது. அதில் காசும் கோடு போடும், ஆனாலும் அசல் குற்றவாளி தூசியில் இருக்கும் குவார்ட்ஸ், அதன் கடினம் 7. கிரானைட் என்றால் அதில் குவார்ட்ஸ் இருக்கும். நம் மாவட்டமோ கிரானைட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது. குன்றுகளைக் குவாரி போட்டு உடைத்து, ஜல்லியாக்கி, லாரியில் ஏற்றி, ரோட்டோரம் பூராவும் பொடியாகத் தூவிக்கொண்டும் இருக்கிறோம். அந்தப் பொடி ஸ்கிரீனில் உட்காரும். பையன் பனியனைத் தூக்கித் துடைப்பான். அந்த நிமிஷத்தில் பனியன் உப்புத்தாள் ஆகிவிடுகிறது. துடைக்காதவன் மெஷினில் தூசி இருக்கும், துடைத்தவன் மெஷினில் கீறல் இருக்கும்.

கீறல் விழுந்த பிறகு வைத்தியம் உண்டு. பற்பசை. விரலில் கொஞ்சம் எடுத்து வட்டமாகத் தேய்க்க வேண்டும். பற்பசையில் இருப்பதும் மிக மெல்லிய அரைக்கும் தூள்தான். அது ஒரு பெரிய கீறலை ஆயிரம் குட்டிக் கீறலாக மாற்றிவிடும். கோடு போய்விடும், ஸ்கிரீன் மொத்தமும் மார்கழி மாசத்துக் காலை ஆகிவிடும். ஒரு கடனை அடைக்கப் பத்துப் பேரிடம் கைமாற்று வாங்கும் கலை இதே பள்ளியைச் சேர்ந்தது.

கீறல் விவகாரத்தில் பெரிய பணம் பார்த்தவர்கள் அமெரிக்கர்கள். 2005 செப்டம்பரில் ஆப்பிள் வெளியிட்ட ஐபாட் நானோவின் ஸ்கிரீன் பாக்கெட்டில் போட்டாலே கீறுகிறது என்று அடுத்த மாதமே கோர்ட்டுக்குப் போனார்கள். 2009இல் 2 கோடியே 25 லட்சம் டாலருக்குச் சமாதானம் ஆனது. அது விளையாட்டு மெஷின் இல்லை, பாட்டு மெஷின். ஆனாலும் இந்தச் சரித்திரத்தில் கீறலுக்குக் காசு வந்த ஒரே அத்தியாயம் என்பதால் ஒரு பொன்னாடை போர்த்திவிட்டு நகர்கிறேன்.

2017 மார்ச் 3ஆம் தேதி நிண்டெண்டோ ஸ்விட்ச் வந்தது. கையில் வைத்தும் ஆடலாம், ‘டாக்’ என்னும் பெட்டியில் செருகினால் டிவியிலும் ஆடலாம். 6.2 அங்குல ஸ்கிரீன், மேலே பிளாஸ்டிக். யோசித்துப் பாருங்கள், கம்பெனியே கொடுத்த பெட்டி, ஸ்கிரீன் நிம்மதியாக நிற்க வேண்டிய இடம். அதற்குள் செருகி எடுக்கும்போதுதான் கீறல் விழுகிறது என்று ஜனங்கள் கூப்பாடு போட்டார்கள். சிலர் பெட்டிக்குள் துணி வைத்துத் தைத்தார்கள். சிலர் மெஷினுக்கே உறை மாட்டினார்கள். கடைசியில் அதற்கென்றே சாக்ஸ் விற்பனைக்கு வந்தது. சாமிக்கு வஸ்திரம் சாத்தி உள்ளே எழுந்தருளச் செய்யும் முறை ஜப்பான் மெஷினுக்கும் வந்துவிட்டது.

மற்ற லட்சணங்களையும் பார்த்துவிடலாம். நிற்க வைக்கப் பின்பக்கம் ஒரு கால். மெலிந்த கால், கொஞ்சம் அழுத்தினால் கழன்றுவிடும். மெமரி கார்டைக் கொண்டுபோய் அந்தக் காலுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்கள். சார்ஜர் ஓட்டை அடியில், ஆகவே நிற்கவும் வேண்டும் சார்ஜும் ஏற வேண்டும் என்றால் முடியாது. இடது கன்ட்ரோலர் சிக்னலைத் தொலைத்தது, உள்ளே ஒரு துண்டு நுரைப்பஞ்சு ஒட்டிச் சரிசெய்து கொடுத்தார்கள். நம் பெட்டிக்கடை மெக்கானிக் இதைச் செய்திருந்தால் ‘ஒப்பேத்திட்டான்’ என்போம், கியோட்டோவில் செய்தால் அது தீர்வு. பிறகு கன்ட்ரோலர் குச்சியை யாரும் தொடாமலே ஆட்டக்காரன் நடக்க ஆரம்பித்தான். கோடாங்கியைக் கூப்பிட வேண்டிய கேஸ். 2019 ஜூலையில் அமெரிக்காவில் வழக்கு. 2020 ஜூனில் கம்பெனித் தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

ஒரு விஷயத்தில் மட்டும் பாராட்ட வேண்டும். விளையாட்டு இருக்கும் கார்டு சின்னது, குழந்தைகள் வாயில் போட்டுவிடும். அதனால் கார்டின்மேல் டினடோனியம் பென்சோயேட் என்ற கடுங்கசப்பைப் பூசினார்கள். விரல் சூப்பும் பிள்ளைக்குக் கட்டை விரலில் வேப்பெண்ணெய் தடவுகிற பாட்டியைக் கம்பெனி ஆலோசகராக எடுத்துக்கொண்டது மாதிரி இருந்தது. ஆனால் பெரியவர்கள் வரிசையில் நின்று நக்கிப் பார்த்துவிட்டு, கசக்கிறது என்று உலகத்துக்கு அறிவித்தார்கள். அதற்குப் பாட்டியாலும் ஒன்றும் செய்ய முடியாது.

2021 அக்டோபரில் ஸ்விட்சின் ஓஎல்இடி மாடல் வந்தது. இந்த முறை மேலே கண்ணாடி. கண்ணாடி உடைந்தால் சில்லு தெறிக்குமே என்று அதன்மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பேப்பரை ஒட்டி அனுப்பினார்கள். கூடவே ஒரு எச்சரிக்கை: இதை உரிக்காதீர்கள். 2025 ஜூன் 5இல் வந்த ஸ்விட்ச் 2, 7.9 அங்குல ஸ்கிரீன், அதற்கும் அதே பேப்பர், அதே எச்சரிக்கை. கேம் அண்ட் வாட்சிலிருந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆராய்ச்சி செய்து, கியோட்டோ இன்ஜினியர்கள் கடைசியில் புதுக்கோட்டைத் தாய்மார்கள் இருந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ‘தோலை உரிச்சுப்புடுவேன்’ என்ற பகுதியை மட்டும் வக்கீல்கள் வெட்டிவிட்டார்கள்.

கீழ ராஜவீதியில் ஒரு கடைக்கு இந்த ஸ்விட்சுகளில் ஒன்றை ஒரு பையன் கொண்டுவந்ததைப் பார்த்தேன். கடைக்காரர் ட்யூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

“தம்பி, மேல ஒரு பேப்பர் இருக்கே.”

“அது கம்பெனி பேப்பர்ணே. உரிக்கக் கூடாதாம்.”

“உரிக்க வேணாம். அது பாட்டுக்கு இருக்கட்டும். அதுக்கு மேல ஒரு டெம்பர் கிளாஸ் போட்ருவோம்.”

“போடுங்க.”

தூசி எடுக்கும் ஸ்டிக்கரால் ஒற்றி எடுத்து, கண்ணாடியை ஒரு பக்கமிருந்து மெதுவாக இறக்கினார். குமிழ் ஒன்று ஓரத்தில் நின்றது. ஏடிஎம் கார்டால் தள்ளி வெளியேற்றினார். டெம்பர் கிளாஸின் மேலும் ஒரு பிளாஸ்டிக் பேப்பர் இருந்தது, சிவப்பு வாலோடு. அதை உரிக்கப் போனார்.

“அண்ணே, அது இருக்கட்டும்ணே. அம்மா திட்டும்.”